லக்சம்பர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

லக்சம்பர்க் என்றதும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. பணக்கார நாடாமே, பஸ்ஸுக்கு டிக்கெட் இல்லையாமே, வங்கிகள் நிறையவாமே என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் கேட்பவர்களுக்காக இந்தத் தொகுப்பு. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த நாட்டின் வரலாறு, மொழி, பணம், வீட்டு வாடகை எதையும் அதன் எல்லைக்கோட்டை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. கேள்விகளுக்கு எண் இட்டிருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்த எண்ணைச் சுட்டியிருக்கிறோம்.

1. லக்சம்பர்க்னா நாடா, ஊரா? பெல்ஜியம் மேப்லயும் அதே பேர் இருக்கே?

மூன்றுமே உண்டு. லக்சம்பர்க் ஒரு தனி நாடு. அதன் தலைநகருக்கும் அதே பெயர். நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி, ஆர்லோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெல்ஜிய மாகாணத்துக்கும் அதே பெயர். நாட்டின் பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர். பெல்ஜிய மாகாணமோ சுமார் 4,440 சதுர கிலோமீட்டர், நாட்டைவிடப் பெரியது. 1839இல் அதை வெட்டிக் கொடுத்த கதை 4ஆம் பதிலில் வருகிறது.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது கவனம் தேவை. பிரஸ்ஸல்ஸ் நகருக்குள்ளேயே, ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அருகில், 'பிரஸ்ஸல்ஸ்-லக்சம்பர்க்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. நாட்டுக்குப் போக நினைத்து அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நகரத்தை விட்டே வெளியே போக மாட்டீர்கள்.

2. அவ்ளோ சின்ன நாட்டுல பார்க்க என்ன நிலப்பரப்பு இருக்கும்? எல்லாம் ஒரே மாதிரிதானே?

வடக்கிலிருந்து தெற்கே 82 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே 57 கிலோமீட்டர். அதற்குள் தெளிவாக இரண்டு நிலங்கள். வடக்கில் மூன்றில் ஒரு பங்கு எஸ்லெக்: ஆர்டென் மலைத்தொடரின் நீட்சி, பலகைப்பாறை, ஆழமான பள்ளத்தாக்கு, காடு, குறைந்த மக்கள்தொகை. நாட்டின் மிக உயரமான இடமான க்னைஃப் (560 மீட்டர்) இங்கேதான். மீதியெல்லாம் குட்லாண்ட், அதாவது 'நல்ல நிலம்': மணற்பாறையும் சுண்ணாம்புப்பாறையும் கொண்ட வயல்வெளி. மக்களில் பெரும்பாலோர் வாழ்வது இங்கே.

தென்மேற்கு ஓரத்தில் மண்ணே சிவப்பு. அந்தச் சிவப்பு இரும்புத்தாது. வட்டாரத்துக்கு மினெட் என்று பெயர். கிழக்கே மொசெல் நதியை ஒட்டி 42 கிலோமீட்டருக்குத் திராட்சைத் தோட்டங்கள். அந்த நதி சூர் நதியுடன் சேருமிடமான வாசர்பில்லிக் (133 மீட்டர்) நாட்டின் மிகத் தாழ்வான புள்ளி.

3. எத்தனை பேர் இருக்காங்க? பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்கன்னு சொல்றது உண்மையா?

2025 தொடக்கத்தில் மக்கள்தொகை சுமார் 6,82,000. அதில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் லக்சம்பர்க் குடியுரிமை இல்லாதவர்கள். தலைநகரில் மட்டும் எடுத்தால் இது 70 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மிகப்பெரிய குழு போர்த்துகீசியர்கள். அடுத்து பிரெஞ்சுக்காரர்கள், பிறகு இத்தாலியர்களும் பெல்ஜியர்களும்.

ஆனால் இந்தக் கணக்கு இரவில் இங்கே தூங்குபவர்களை மட்டுமே எண்ணுகிறது. காலையில் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்து மாலையில் வீடு திரும்புபவர்கள் சுமார் 2,30,000 பேர். இவர்களில் பாதிப் பேர் பிரான்ஸிலிருந்தும், மற்ற இரு நாடுகளிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு வீதமும் வருகிறார்கள். நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் கிட்டத்தட்ட பாதி இவர்களே. இதை நினைவில் வைத்திருங்கள். 9, 13, 17, 18ஆம் பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

4. பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இந்த நாடு எப்படித் தப்பிச்சது?

கோட்டையால் வளர்ந்து, கோட்டையை இடித்ததால் பிழைத்தது. 963இல் ஜீக்ஃபிரீட் என்ற பிரபு, டிரியர் நகரின் புனித மாக்சிமின் மடத்திடம் நிலத்தைக் கொடுத்து மாற்றாக ஒரு பாறைக்குன்றை வாங்கினார். அந்தக் குன்றுக் கோட்டையைச் சுற்றி ஊர் எழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் இந்த வம்சம் ஐரோப்பாவின் உச்சியில் இருந்தது: ஏழாம் ஹென்றி, நான்காம் சார்லஸ், சிகிஸ்மண்ட் ஆகியோர் புனித ரோமானியப் பேரரசர்கள். பொஹீமியாவின் மன்னராக இருந்த ஜான் கண்பார்வை இழந்த நிலையிலும் 1346இல் கிரெசி போர்க்களத்துக்குப் போய் அங்கேயே இறந்தார். 1443இல் பர்கண்டி அரசு இந்தக் கோட்டையைப் பிடித்தது. அதன்பின் ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா, மறுபடி பிரான்ஸ் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. வந்த ஒவ்வொருவரும் கோட்டையை இன்னும் பலப்படுத்தியதால் 'வடக்கின் ஜிப்ரால்டர்' என்று பெயர் வந்தது. பாறைக்குள் குடைந்த சுரங்கவழிகள் மட்டும் 23 கிலோமீட்டர். அதில் 17 கிலோமீட்டர் இன்றும் இருக்கிறது.

1815 வியன்னா மாநாடு இதைக் கிராண்ட் டச்சி (கிராண்ட் டியூக் என்ற பட்டம் உடையவர் ஆளும் நாடு) ஆக்கி நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் தனிப்பட்ட ஆட்சியில் வைத்தது. கோட்டைக்குள் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படை. மொசெல், சூர், உவர் நதிகளுக்குக் கிழக்கே இருந்த நிலம் பிரஷ்யாவுக்குப் போனது. 1830இல் பெல்ஜியம் நெதர்லாந்திடமிருந்து பிரிந்தபோது, தலைநகரைத் தவிர்த்து லக்சம்பர்க்கின் பெரும்பகுதி பெல்ஜியப் பக்கம் சாய்ந்தது. 1839 லண்டன் உடன்படிக்கை மேற்குப் பாதியைப் பெல்ஜியத்துக்கே கொடுத்துவிட்டது. இன்றைய எல்லை அப்போது போட்டது.

1867இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதை நெதர்லாந்து மன்னரிடமிருந்து விலைக்கு வாங்கப் பார்த்தார். பிரஷ்யா எதிர்க்க, போர் மூளும் நிலை. இரண்டாம் லண்டன் உடன்படிக்கை தீர்வு சொன்னது: நாடு நடுநிலை, பிரஷ்யப் படை வெளியேற வேண்டும், கோட்டையை இடிக்க வேண்டும். இடிப்பு வேலை 1883 வரை நீண்டது. யாரும் ஆசைப்படும் ராணுவத்தளம் இல்லாமல் போன பிறகுதான் இந்த நாட்டுக்குத் தனி வாழ்வு கிடைத்தது என்பதே எங்கள் கருத்து.

5. கிராண்ட் டியூக்னா ராஜாவா? அதிகாரம் இருக்கா? கொடி ஏன் நெதர்லாந்து மாதிரியே இருக்கு?

இன்று உலகில் கிராண்ட் டியூக் ஆளும் ஒரே நாடு இது. 1890இல் இரு நாடுகளையும் ஆண்ட நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் ஆண் வாரிசு இன்றி இறந்தார். நெதர்லாந்தில் மகள் வில்ஹெல்மினா அரசியானார். லக்சம்பர்க்கில் நாசாவ் குடும்ப வாரிசு ஒப்பந்தப்படி வைல்பர்க் கிளையின் அடோல்ஃப் பட்டத்துக்கு வந்தார். இரு நாடுகளும் பிரிந்தது அப்படித்தான். 1919இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் குடியரசு வேண்டாம், கிராண்ட் டச்சஸ் ஷார்லோட்டே போதும் என்றார்கள். 2025 அக்டோபர் 3 அன்று கிராண்ட் டியூக் ஹென்றி விலக, மகன் கீயோம் பொறுப்பேற்றார்.

அதிகாரம் பெயரளவில்தான். 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மாட்டேன் என்று ஹென்றி சொன்னபோது, நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி அந்த ஒப்புதல் உரிமையை நீக்கியது. இப்போது சட்டத்தை அறிவிப்பது மட்டுமே அவர் வேலை. ஆட்சி நடத்துவது 60 உறுப்பினர் சபையும் பிரதமரும். 2023 நவம்பர் முதல் லுக் ஃபிரீடன் பிரதமர்.

கொடியில் நீலத்தைப் பாருங்கள். நெதர்லாந்துக் கொடியில் அடர்நீலம், லக்சம்பர்க் கொடியில் வெளிர்நீலம். 1972 சட்டம் இதை உறுதிசெய்தது.

6. இரண்டாம் உலகப்போர்ல நடுநிலைன்னு விட்டுட்டாங்களா?

இல்லை. 1940 மே 10 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. ஷார்லோட்டும் அரசும் வெளியேறி, லண்டனிலும் வட அமெரிக்காவிலும் இருந்து இயங்கினார்கள். உள்ளே குஸ்தாவ் சீமோன் என்ற நாஜி ஆளுநர் நாட்டை ஜெர்மனியோடு கரைக்க முயன்றார்: பிரெஞ்சுக்குத் தடை, தெருப் பெயர்கள் மாற்றம், ஆட்களின் பெயர்கள்கூட மாற்றம். 1941 அக்டோபரில் கணக்கெடுப்புப் படிவம் தந்தார்கள். குடியுரிமை, தாய்மொழி, இனம் மூன்றுக்கும் 'ஜெர்மன்' என்று எழுத வைப்பது நோக்கம். மக்கள் மூன்று இடத்திலும் 'லக்சம்பர்க்' என்று எழுதவே, கணக்கெடுப்பைக் கைவிட வேண்டியதாயிற்று.

1942 ஆகஸ்ட் 30 அன்று இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கும் அறிவிப்பு வந்தது. மறுநாள் வில்ட்ஸ் ஊரில் வேலைநிறுத்தம் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. அதற்குத் தண்டனையாக 21 பேர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் முகாம்களில் உயிரிழந்தார்கள். 1944 செப்டம்பர் 10 அன்று தலைநகர் விடுதலை பெற்றாலும், டிசம்பரில் ஜெர்மனி ஆர்டென் வழியாகத் திருப்பித் தாக்கியதில் வடக்கு ஊர்கள் தரைமட்டமாயின. ஹம் என்ற இடத்திலுள்ள அமெரிக்கக் கல்லறைத்தோட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் தளபதி பேட்டனும் புதைக்கப்பட்டிருக்கிறார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1948இல் அரசியலமைப்பிலிருந்து நடுநிலையை நீக்கினார்கள். 1949இல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர் ஆனார்கள்.

7. எந்த மொழி பேசுறாங்க? பிரெஞ்சா, ஜெர்மனா?

இடத்தைப் பொறுத்து மாறும். 1984 சட்டப்படி தேசிய மொழி லக்சம்பர்கிஷ். சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில் மட்டும். அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் செல்லும். நீங்கள் எந்த மொழியில் மனு எழுதுகிறீர்களோ, இயன்றவரை அதே மொழியில் பதில் வர வேண்டும் என்பது விதி.

நடைமுறையில், வீட்டிலும் நாடாளுமன்ற விவாதத்திலும் லக்சம்பர்கிஷ். கடை, உணவகம், கட்டுமானம், மருத்துவமனை ஆகியவற்றில் பிரெஞ்சு, ஏனென்றால் அங்கே வேலை செய்பவர்களில் பலர் எல்லைக்கு அப்பால் இருந்து வருகிறார்கள். செய்தித்தாள் வாசிப்பில் நீண்டகாலமாக ஜெர்மன். நிதி நிறுவனங்களில் ஆங்கிலம். 'மொயென்' என்ற வணக்கச் சொல்லைக் காலை, மாலை எந்நேரமும் சொல்லலாம்.

8. அப்போ பள்ளிக்கூடத்துல எந்த மொழியில சொல்லித் தருவாங்க? என் பிள்ளை திணறுமா?

பாலர் வகுப்பில் லக்சம்பர்கிஷ். ஆறு வயதில் எழுத்தறிவு ஜெர்மனில். பிரெஞ்சு முதலில் பேச்சாக வந்து பிறகு எழுத்தாகிறது. மேல்நிலைப் பள்ளியின் கல்விப் பிரிவில் கணிதம் முதல் ஆண்டிலேயே பிரெஞ்சுக்கு மாறும். மேல் வகுப்புகளில் மற்ற பெரும்பாலான பாடங்களும் பிரெஞ்சுக்குப் போகும்.

லக்சம்பர்கிஷ் பேசும் குழந்தைக்கு ஜெர்மன் நெருங்கிய மொழி. போர்த்துகீசியமோ பிரெஞ்சோ பேசி வளர்ந்த குழந்தைக்கு அப்படியல்ல. கணிதம் புரிந்தும் ஜெர்மன் கேள்வி புரியாமல் மதிப்பெண் குறைந்து, தொழிற்பிரிவுக்குத் தள்ளப்படுவது பல ஆண்டுகளாக இருக்கும் அநீதி. இதைச் சரிசெய்ய 2022இல் நான்கு பள்ளிகளில் பிரெஞ்சு வழியே எழுத்தறிவு தரும் சோதனையைத் தொடங்கினார்கள். உங்கள் பிள்ளை எட்டு, பத்து வயதில் வருவதாக இருந்தால், கட்டணம் இல்லாத அரசு சர்வதேசப் பள்ளிகளைப் பாருங்கள். முதலாவது 2016இல் டிஃபர்டாஞ்ச் ஊரில் தொடங்கியது. ஆங்கிலப் பிரிவு உண்டு. இடம் குறைவு என்பதால் வேலை உறுதியானவுடனேயே விண்ணப்பிக்க வேண்டும்.

9. உலகத்துலயே பணக்கார நாடு இதுதானா? எல்லாரும் கோடீஸ்வரங்களா?

தனிநபர் உள்நாட்டு உற்பத்திப் பட்டியலில் உச்சியில் நிற்பது உண்மை. தலைக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். நாட்டுக்குள் உற்பத்தியான மொத்த மதிப்பை, நாட்டுக்குள் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 3ஆம் பதிலில் சொன்ன 2,30,000 பேரின் உழைப்பு மேலே இருக்கிறது. அவர்களின் தலைகள் கீழே இல்லை. தவிர, பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே காட்டும் லாபத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உரிமையாளர்களுக்குப் போய்விடுகிறது.

குடும்பங்கள் உண்மையில் நுகரும் பொருட்களையும் சேவைகளையும் (அரசு தரும் கல்வி, மருத்துவம் உட்பட) ஒப்பிடுவதே நேர்மையான அளவு. உற்பத்தியில் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கும் நாடு, நுகர்வில் ஒன்றரை மடங்குக்கும் கீழே வந்துவிடும். அதுவும் வசதியான நிலைதான். ஆனால் வேலை பார்த்தும் வறுமைக்கு அருகில் வாழ்வோரின் விகிதம் ஒன்றியத்தில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் 14ஆம் பதிலில்.

10. விலைவாசி ஏறினா சம்பளம் தானா ஏறும்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். நுகர்வோர் விலைக் குறியீடு 2.5 விழுக்காடு ஏறியதும், எல்லாச் சம்பளமும் ஓய்வூதியமும் 2.5 விழுக்காடு உயரும். முதலாளியின் தயவு தேவையில்லை, சட்டம். 2023இல் மட்டும் பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என மூன்று முறை ஏறியது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் வரிப் பிடித்தத்துக்கு முன் 2,700 யூரோவை ஒட்டியது. தகுதிச் சான்று உள்ள தொழிலாளிக்கு அதைவிட 20 விழுக்காடு கூடுதல்.

11. வங்கிகளுக்கு முன்னாடி எதுல பிழைச்சாங்க? மிட்டல் கம்பெனிக்கும் இந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது ஏழை விவசாய நாடு. குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மினெட் மண்ணில் இரும்பு இருந்தும் பயனில்லாமல் கிடந்தது. தாதுவில் பாஸ்பரஸ் அதிகம், அதில் வார்த்த எஃகு நொறுங்கும். 1879இல் கில்கிறிஸ்ட்-தாமஸ் முறை வந்தது: உலையின் உட்புறத்துக்குக் காரத்தன்மை கொண்ட பூச்சு கொடுத்து, சுண்ணாம்பைச் சேர்த்தால் பாஸ்பரஸ் கசடோடு பிரிந்துவிடும். அந்தக் கசட்டை அரைத்து வயலுக்கு உரமாகவும் விற்றார்கள். உலைகளில் வேலை செய்ய இத்தாலியர்கள் வந்தார்கள். 1911இல் பல நிறுவனங்கள் இணைந்து ஆர்பெட் உருவானது.

1975க்குப் பிறகு எஃகு விழுந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் உட்கார்ந்து பேசும் முத்தரப்பு முறை அப்போது பிறந்தது; ஆட்களைத் தெருவில் விடாமல் முன்கூட்டிய ஓய்வு, மாற்று வேலை, அதற்கெனத் தனி வரி என்று சமாளித்தார்கள். அந்த முறை இன்றும் நாட்டின் முதுகெலும்பு. 2002இல் ஆர்பெட், பிரான்ஸின் உசினோர், ஸ்பெயினின் அசெராலியா இணைந்து ஆர்செலார்; 2006இல் லட்சுமி மிட்டலின் நிறுவனம் அதைக் கையகப்படுத்தி ஆர்செலார்மிட்டல் ஆனது. தலைமையகம் இன்றும் லக்சம்பர்க் நகரில். கடைசி ஊதுலை 1997இல் நின்றது. இப்போது பழைய இரும்பை மின் உலையில் உருக்குகிறார்கள். டிஃபர்டாஞ்சின் அகல விளிம்பு உத்தரங்கள் நியூயார்க்கின் புதிய உலக வர்த்தக மையக் கோபுரத்தில் இருக்கின்றன. பெல்வாலில் ஊதுலை நின்ற வளாகத்துக்கு 2015இல் பல்கலைக்கழகம் குடிவந்தது.

12. சரி, இது வரி ஏய்ப்பு நாடுதானே? நேரா சொல்லுங்க.

கறுப்புப் பணத்தைப் பூட்டி வைக்கும் பழைய வங்கி ரகசியம் இப்போது இல்லை. 2015 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருக்கும் கணக்குதாரர்களின் வட்டி விவரம் தானாகவே அவரவர் நாட்டுக்குப் போகிறது. ஆனால் 2014இல் வெளிவந்த ஆவணங்கள், நூற்றுக்கணக்கான பன்னாட்டு நிறுவனங்களுக்கு வரித்துறை முன்கூட்டியே சாதகமான தீர்மானங்கள் கொடுத்திருந்ததைக் காட்டின. உள்நாட்டுச் சட்டப்படி அது குற்றமல்ல, அதனால் நியாயமாகிவிடாது. பிற நாடுகளின் வரி வருவாயை அது அரித்தது உண்மை.

அதே நேரம் நிதித்துறை முழுவதையும் அதற்குள் அடைப்பது தவறு. 1988இல், ஐரோப்பா முழுக்க விற்கக்கூடிய முதலீட்டு நிதிகளுக்கான விதியை முதலில் சட்டமாக்கிய நாடு இது. மற்றவர்கள் விழிக்கும் முன் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், நிதி நிர்வாகிகள் இங்கே குவிந்தார்கள். அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய முதலீட்டு நிதி மையமாக இது இருப்பது அதனால். பெரிய நாடுகள் தாமதிக்கும் இடத்தில் சட்டத்தை முதலில் எழுதுவது இவர்களின் வழக்கம். தனியார் செயற்கைக்கோள் நிறுவனத்தை 1985இல் தொடங்கியதும், விண்வெளிக் கனிம உரிமைச் சட்டத்தை 2017இல் கொண்டுவந்ததும் அதே வழியில்தான். 2020 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய பி.எஸ்.எல்.வி. சி-49 ராக்கெட்டில் லக்சம்பர்க்கின் நான்கு சிறு செயற்கைக்கோள்கள் சென்றன.

13. பஸ், ரயில் எல்லாம் இலவசம்னா சுற்றுலா போறவங்களுக்குமா?

ஆம். 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு, கிர்ஷ்பெர்க் குன்றுக்கு ஏறும் கயிற்று ரயில் எல்லாமே யாருக்கும் கட்டணமில்லை. அட்டையோ பதிவோ வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும். 2025 மார்ச் முதல் விமான நிலையத்துக்கே டிராம் வருகிறது.

தவறுவது இரண்டு இடங்களில். ரயிலில் முதல் வகுப்புக்குக் காசு உண்டு. தெரியாமல் உட்கார்ந்து அபராதம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டும் பயணத்துக்கும் டிக்கெட் வேண்டும். டிரியருக்கோ மெட்ஸுக்கோ போகும் ரயில் இலவசம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் வருவாய் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்ததால் விட்டுக்கொடுக்க முடிந்தது. சாலை நெரிசல் குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை, ஏனெனில் கார்கள் வருவது எல்லைக்கு அப்பாலிருந்து.

14. வாடகை எப்படி? சம்பளத்துல பாதி போயிடுமா?

சிலருக்குப் போகும். ஐரோப்பாவில் வீட்டு விலை மிக அதிகமான இடங்களில் ஒன்று. மக்கள்தொகை வேகமாக ஏற, கட்டக்கூடிய நிலமோ பெரும்பாலும் ஒரு சில தனியார் குடும்பங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறது. வைத்திருந்தால் விலை ஏறும் என்பதால் விற்க அவசரமில்லை.

2024 ஆகஸ்ட் முதல் வாடகைச் சட்டம் மாறியது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். முன்பணம் மூன்று மாத வாடகையிலிருந்து இரண்டு மாதமாகக் குறைந்தது. தரகு முழுவதையும் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது, வீட்டுக்காரரோடு பாதிப் பாதி. ஆண்டு வாடகை, வீட்டில் போட்ட முதலீட்டில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் உள்ளாட்சியின் வாடகைக் குழுவிடம் முறையிடலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்.

15. பாதிப் பேர் வெளிநாட்டவர்னா ஓட்டு யாரு போடுறாங்க? குடியுரிமை வாங்கறது கஷ்டமா?

நாடாளுமன்றத்துக்குக் குடிமக்கள் மட்டுமே. அவர்களுக்கு ஓட்டு கட்டாயம், 75 வயதுக்கு மேல் விலக்கு. நீண்டகாலம் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அந்த ஓட்டைக் கொடுக்கலாமா என்று 2015இல் மக்களிடம் கேட்டபோது சுமார் 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டவரும் பதிவுசெய்து ஓட்டுப் போடலாம். ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதி 2023 தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டது.

குடியுரிமைக்கு 2017 சட்டப்படி ஐந்து ஆண்டு சட்டபூர்வ வசிப்பு, அதில் கடைசி ஓராண்டு இடைவெளியின்றி. லக்சம்பர்கிஷ் தேர்வு உண்டு: ஐரோப்பிய மொழித்திறன் அளவில் கேட்டுப் புரிதல் பி1 (நடுத்தர) நிலை, பேசுதல் ஏ2 (அடிப்படை) நிலை. எழுதத் தேவையில்லை. சேர்ந்து வாழ்தல் பற்றிய 24 மணிநேரப் பாடம் அல்லது அதற்கான தேர்வும் வேண்டும். 20 ஆண்டு வசித்தவர்களுக்குத் தேர்வு இல்லை, 24 மணிநேர மொழிப் பாடம் போதும். லக்சம்பர்க் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. எனவே இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்குத்தான் போக வேண்டும்.

16. இந்தியாவுல இருந்து வேலைக்குப் போறேன். சுற்றுலா விசாவுல போய் மாத்திக்கலாமா?

கூடாது. மிகுதியாக நடக்கும் தவறு இதுதான். தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் நீங்கள் நாட்டுக்குள் நுழையும் முன்பே போயிருக்க வேண்டும். வரிசை இது: வேலை தருபவர் காலியிடத்தை அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அறிவிக்கிறார், நீங்கள் குடிவரவுத் துறைக்குத் தற்காலிகத் தங்கல் அனுமதி கேட்டு எழுதுகிறீர்கள், அனுமதி வந்த 90 நாளுக்குள் டி-வகை (நீண்டகாலத் தங்கலுக்கான) விசா, நாட்டில் இறங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் வருகைப் பதிவு, மருத்துவப் பரிசோதனையும் காசநோய்ச் சோதனையும், மூன்று மாதத்துக்குள் தங்கும் அட்டைக்கு விண்ணப்பம்.

தமிழில் மட்டும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் திரும்பி வரும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் தவிர்த்த மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். சாதாரணத் தொழிலாளர் அனுமதியில் முதல் ஆண்டு ஒரே துறை, ஒரே தொழில் என்ற கட்டுப்பாடு உண்டு, நிறுவனம் மாறலாம். 2023 செப்டம்பர் முதல் குடும்ப அனுமதியில் வரும் துணைவர் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம்.

17. வாடகை தாங்காம பிரான்ஸ் பக்கமோ ஜெர்மனி பக்கமோ குடியேறிட்டா லாபமா?

வாடகை குறையும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் அல்லாதவர் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: லக்சம்பர்க் தந்த தங்கும் அட்டை அண்டை நாட்டில் குடியிருக்கும் உரிமையைத் தராது. ஷெங்கன் என்பது சோதனையின்றிப் பயணம் செய்ய மட்டுமே. (அந்த ஒப்பந்தம் 1985 ஜூன் 14 அன்று கையெழுத்தானது இந்த நாட்டின் ஷெங்கன் கிராமத்தில், மொசெல் நதியில் நின்ற ஒரு கப்பலில். மூன்று நாடுகளும் அங்கே சந்திக்கின்றன.)

உரிமை உள்ளவர்களுக்கு அடுத்த சிக்கல், வீட்டிலிருந்து வேலை. லக்சம்பர்க்குக்கு வெளியே ஆண்டுக்கு 34 நாள் வரை வேலை பார்த்தால் வரி முழுவதும் லக்சம்பர்க்கிலேயே. 35ஆம் நாள் ஆனால், அந்த ஒரு நாளுக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்து எல்லா நாளுக்கும் வசிக்கும் நாட்டில் வரி வரும். வேறொரு நாட்டுக்குப் போன அலுவலகப் பயணமும் அந்த 34இல் சேரும்; பலர் இதை எண்ண மறந்து மாட்டுகிறார்கள். சமூகக் காப்பீட்டுக்கு வேறு அளவு: 2023 ஜூலை முதல், விண்ணப்பித்துப் பெற்றால், வேலை நேரத்தில் பாதிக்குக் குறைவாக வீட்டிலிருந்து பார்த்தாலும் காப்பீடு லக்சம்பர்க்கிலேயே தொடரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

18. அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க வரி எல்லாம் இங்கேயே போனா, அவங்க ஊருக்கு என்ன கிடைக்குது? எல்லையை மூடிட்டா என்ன ஆகும்?

முதல் பாதி, லக்சம்பர்க்குக்கும் பிரான்ஸுக்கும் இடையே இன்றும் தீராத பிரச்சினை. பெல்ஜிய எல்லை ஊர்களுக்கு லக்சம்பர்க் ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை தருகிறது. பிரெஞ்சு ஊர்களுக்கு அப்படித் தருவதில்லை. ரயில்பாதை, கார் நிறுத்தம் போன்ற பணிகளுக்குக் கூட்டாகச் செலவு செய்கிறது. தொழிலாளி வசிக்கும் ஊர்தான் பள்ளியும் சாலையும் நடத்துகிறது என்பதால் பிரெஞ்சு நகராட்சிகளின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. எல்லையால் வரும் வருவாய் எப்படி ஒரு பக்கம் சாய்கிறது என்பதை மார்த்தலாஞ்ச் ஊரில் கண்ணால் பார்க்கலாம். நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் பெல்ஜிய வீடுகள். எதிர்ப்பக்கம் லக்சம்பர்க் மண்ணில் வரிசையாகப் பெட்ரோல் பங்குகள், ஏனென்றால் அங்கே வரி குறைவு.

இரண்டாம் பாதிக்கு 2020 மார்ச் பதில் சொல்லிவிட்டது. பெருந்தொற்றுக்காக ஜெர்மனி எல்லைச் சோதனையைக் கொண்டுவந்து பல சிறு பாலங்களை அடைத்தது. மருத்துவமனைப் பணியாளர்களில் பாதிக்கு மேல் எல்லை தாண்டி வருபவர்கள். அவர்கள் வராவிட்டால் வார்டுகளை நடத்தவே முடியாது. அரசு அவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஓட்டல் அறைகளை எடுத்துக் கொடுத்தது. வேலைக்கு வருபவர் என்ற சான்றுத்தாளைக் காட்டித்தான் மற்றவர்கள் கடந்தார்கள். மே நடுவில் ஜெர்மனி சோதனையை நீக்கியது. 2024 செப்டம்பரில் சட்டவிரோதக் குடியேற்றத்தைக் காரணம் காட்டி அதை மறுபடி கொண்டுவந்தபோது, லக்சம்பர்க் அரசு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. அன்றாடம் கடப்பவராக இருந்தால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மொசெல் பக்கப் பெருஞ்சாலையில் நெரிசல் நேரத்துக்குக் கூடுதல் அவகாசம் ஒதுக்குங்கள்.